தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்

வண்ணமீன் கேள்வி – பதில்

கோடை விடுமுறை முடிந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே ராகம்தான். ‘வாங்கி வந்த மூணாம் நாளே செத்துப்போச்சு சார்.’ புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மீன்வளம் படித்தவன் இல்லை. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கத்தில் வீடு, சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கொளத்தூர் மீன் கடைகள். என் முதல் ஜோடி மீனை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன், 1985-ல் அது எரிந்துபோவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அன்றிலிருந்து வளர்த்ததும் நிறைய, கொன்றதும் நிறைய. கொன்ற கணக்கிலிருந்துதான் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வட்டக் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கினோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுத்தது, ஒரு மீன் செத்துவிட்டது. இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். கடையில் கொடுத்த நீல மருந்தும் ஊற்றினேன். எங்கே தப்பு?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள், மீன் அவளால் சாகவில்லை என்று. நாம்தான் தீனி அதிகம் போட்டுவிட்டோமோ என்று குழந்தைகள் மனசுக்குள் போட்டு உழப்பிக்கொள்ளும்.

மீனுக்குச் சமையலறையும் கழிவறையும் ஒன்றுதான். செவுள் வழியாக இருபத்துநாலு மணி நேரமும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் கிடக்கிற தீனி அழுகினாலும் அதே அம்மோனியா. குளத்தில் அது கரைந்து போய்விடும். நாலைந்து லிட்டர் பிடிக்கிற கிண்ணத்தில் எங்கே போகும்? திரும்பி வந்து செவுளையே அரிக்கும். உங்கள் மீன் வாயைத் திறப்பது பசிக்கு இல்லை, மூச்சுக்கு.

பழைய தொட்டிகளில் மட்டும் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது. நைட்ரோசோமோனாஸ் என்று ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தத்தில் பிராணவாயு ஏற விடாது. நைட்ரோஸ்பைரா என்கிற இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். வாரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது வெளியே போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் கிண்ணத்தில் ஃபில்டரும் இல்லை, கொடுத்த நாளும் மூன்றே மூன்று.

இதை நான் ஒருநாள் பேப்பரில் அம்புக்குறி எல்லாம் போட்டு வீட்டில் விளக்கினேன். என் மனைவி கேட்டுவிட்டு, “வெறும் பாலை ஊத்தி வெச்சா தயிராயிடுமா? உறை ஊத்தணும்ல” என்றாள். அன்றிலிருந்து நான் அம்புக்குறி போடுவதில்லை. தெரிந்தவர் வீட்டில் நோய்நொடி இல்லாமல் ஆறு மாதமாவது ஓடிய தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதே தொட்டித் தண்ணீரில் போட்டு, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகிவிடுங்கள். அதுதான் உறைமோர். ஆறு வாரக் காத்திருப்பு பெருமளவு குறையும். உறை கெட்டதாக இருந்தால் தயிரும் கெடும் என்பது இதற்கும் பொருந்தும். நோய் வந்த தொட்டியில் இருந்து வாங்காதீர்கள்.

இப்போது மிச்சமுள்ள மீனுக்கு வருவோம். கிண்ணத்தை ஊறுகாய் வைக்கவோ பூ மிதக்க விடவோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்பது ஐம்பது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் இருந்தால், சோப்புப் படாததாக, இன்றைக்கே அதில் மாற்றுங்கள். ஏர் பம்ப்போடு ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டு ராத்திரி பகல் ஓடவிடுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டுவதை நிறுத்துங்கள். முதல் மாதம் தினமும் கால் பங்கு மட்டும் எடுத்துவிட்டு, ஒருநாள் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. அந்த நீல மருந்து பூஞ்சைக்கானது. குடியேற வருகிற நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. வேண்டாம்.

பால்போல் வெளுத்ததும் வேறு வகை பாக்டீரியா தண்ணீரில் திடீரென்று பெருகியதுதான். தீனியைக் குறைத்தால் சில நாளில் தானாகத் தெளியும். கோல்டு ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீன், கெண்டை வகையைச் சேர்ந்தது, உள்ளங்கைக்கு மேல் வளரும். இதைப் போய் கிண்ணத்தோடு சேர்த்து விற்கிறார்களே என்று எனக்கு நாற்பது வருஷமாகக் கோபம்.

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி வாங்கியிருக்கிறேன். எத்தனை மீன் விடலாம்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: இரண்டு கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்றால் மொத்தம் 56 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் கப்பி பத்து, பன்னிரண்டு தாராளமாக இருக்கும். அல்லது ஆறு பிளாட்டி. கோல்டு ஃபிஷ் என்றால் குட்டியாக ஒன்று இரண்டு விடலாம், வளர்ந்ததும் பெரிய தொட்டி தேட வேண்டிவரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் நான்கு, இரண்டு வாரம் கழித்து நான்கு.

கப்பியில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியது என் கடமை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணைப் பிரித்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள்; ஒருதரம் சேர்ந்த பெண் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் நான் குட்டி கொடுக்காத வீடு இல்லை. இப்போதெல்லாம் கையில் கவரோடு என்னைப் பார்த்தால் சிலர் கதவைச் சாத்துகிறார்கள்.

ஒரு ஃபிட்டராக இன்னொன்றும் சொல்லவேண்டும். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் அந்தத் தொட்டி ஒரு ஆள் எடை வரும். டி.வி. வைத்த பலகை மேல் வைக்காதீர்கள். ஸ்டாண்டு நான்கு காலும் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் முழு அளவுக்குத் தெர்மாகோல் ஷீட் போடுங்கள். ஒரு மணல் பருக்கை அடியில் மாட்டினாலும் கண்ணாடி அந்த இடத்தில்தான் விரியும். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம், பாசி பிடித்து மாளாது.

கேள்வி: ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, கல், பஞ்சு, செடி எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைக்கிறேன். திங்கள், செவ்வாயில் ஒரு மீனாவது போய்விடுகிறது. இதற்குமேல் எப்படிச் சுத்தமாக வைப்பது?
– விருதுநகர் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு தீபாவளி ஞாபகம் வந்தது. வீடெல்லாம் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, அந்தக் கையோடு தொட்டியையும் விடவில்லை. பஞ்சைக் குழாயில் பிழிந்தேன், பிழியப் பிழியக் கறுப்புத் தண்ணீர். அழுக்குப் போகிறது என்று சந்தோஷம் வேறு. கல்லை வெயிலில் காயவைத்தேன். புதுத் தண்ணீரில் தொட்டி வைரம் மாதிரி மின்னியது. தீபாவளிக்கு மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் மூன்று, ஒரு வாரத்துக்குள் பதினாலு கறுப்பு மோலியும் போயின. பட்டாசுப் புகைமேல் பழியைப் போட்டேன். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அன்று சாக்கடையில் போன கறுப்புத் தண்ணீர்தான் என் தொட்டியின் உயிர். உறைந்த தயிரை வாரம் ஒருதரம் கொட்டிவிட்டுப் பாத்திரம் தேய்த்த கதை.

ஞாயிறு வேலையை இப்படி மாற்றுங்கள். சைஃபன் குழாயால் கல்லுக்குள் இருக்கும் கசடை உறிஞ்சிக் கால் பங்கு தண்ணீரை வாளியில் எடுங்கள். ஃபில்டரில் தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும், மாதம் ஒருமுறை போதும், அந்த வாளித் தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு தரம் பிழிந்து திரும்ப மாட்டுங்கள். கல்லை எடுக்கவே வேண்டாம். முன்பக்கக் கண்ணாடியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வாளித் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், நன்றாகப் பூக்கும்.

கொசு மருந்து அடிக்கிற பழக்கம் உண்டா? ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அடிக்கிற அன்று பம்ப்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிட்டு, அறை காற்றாடியபின் திறங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. கேன் மூன்றும் உண்டு. மீனுக்கு எது?
– தாம்பரம் வாசகர்

பதில்: கேன் தண்ணீரை நீங்களே குடித்துக்கொள்ளுங்கள். அதில் தாது உப்பெல்லாம் வடிகட்டப்பட்டிருக்கும், காரத்தன்மை ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள், உங்கள் பஞ்சில் இருப்பதும் கிருமிதானே. வாய் அகன்ற டிரம்மில் பிடித்து ஒருநாள், ஏர் பம்ப் குழாய் நுனியில் மாட்டுகிற ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு. அது சோடியம் தயோசல்பேட்தான். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவ ‘ஹைப்போ’ என்று வைத்திருப்பார்களே, அதே உப்பு. ஸ்டூடியோக்காரரிடம் பொட்டலம் கட்டி வாங்கி வந்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் போடாமல் ஹைப்போ மட்டும் கேட்கிற ஒரே வாடிக்கையாளர் நான்தான்.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் மோலி, கப்பி, பிளாட்டிக்கு அது பிடித்தமானது. பம்ப் போட்டவுடன் வருகிற தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கும், ஒரு ராத்திரி காற்றோட்டமாக வையுங்கள். நியான் டெட்ரா மாதிரி மீன்கள் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீருக்குப் பழகியவை. உப்புப் போர் தண்ணீர் உள்ளவர்கள் அவற்றின்மேல் ஆசை வைக்காமல் இருப்பது நல்லது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. மே மாதத்தில் தண்ணீர் தினமும் விரல் அளவு ஆவியாகும். குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு ‘தண்ணீர் மாற்றியாச்சு’ என்பார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கும். நிரப்ப நிரப்ப உப்பளம் மாதிரி கூடிக்கொண்டே போகும். கொஞ்சமாவது வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும்.

கேள்வி: பிளாட்டி மீன்கள் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன.
– குன்னூர் வாசகி

பதில்: ரவை என்று சரியாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்குள் புகுந்த ஓர் ஒட்டுண்ணி. உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, அடியில் ஒட்டி நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்துமே, அப்போதுதான் அடிக்க முடியும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் மறுபடி வரும்.

உங்கள் ஊர்க் குளிர்தான் மீனை முதலில் தளர்த்தியிருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் ஒன்று வாங்குங்கள், ஐம்பது லிட்டருக்கு நூறு வாட். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக்கூடாது. அயோடின் கலக்காத கல் உப்பு லிட்டருக்கு இரண்டு கிராம் கணக்கில் கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். பிளாட்டி உப்பை நன்றாகத் தாங்கும். அடியில் திரியும் கெளுத்தி வகைகளும் செடிகளும் இருந்தால் முதலில் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இப்படியே. அப்புறம் தண்ணீர் மாற்ற மாற்ற உப்பு குறைந்துவிடும்.

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறட்டும், வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும்.

கேள்வி: வீட்டில் பண வரவுக்கு வாஸ்து மீனாக ஃபிளவர்ஹார்ன் வைக்கச் சொல்கிறார்கள். உண்மையா?
– ஓசூர் வாசகர்

பதில்: ஃபிளவர்ஹார்ன் மனிதர்கள் கலந்து உருவாக்கிய இனம்; 1990-களில் மலேசியாவில் பிரபலமாயிற்று. நம் ஊர் வாஸ்துவுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? தனியாகப் பெரிய தொட்டி, பலமான ஃபில்டர், விலை கூடிய தீனி எல்லாம் கேட்கும். பணம் வரத்து கடைக்காரருக்கு நிச்சயம்.

கேள்வி: பாசி தின்னும் என்று சக்கர் மீன் கொடுத்தார்கள். இப்போது ஓரடிக்கு வளர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியமாகப் போகும் என்கிறார் மாமியார்.
– காஞ்சிபுரம் வாசகி

பதில்: மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அது புண்ணியம் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. மேலெல்லாம் கவசம்போல் முள்செதில், நம் ஊரில் அதைப் பிடித்துத் தின்ன ஆளில்லை. இப்படி ஒவ்வொருவரும் விட்டுவிட்டுத்தான் நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. கரையைத் துளைக்கும், கெண்டையின் இரையைத் தின்னும், மீனவர் வலையில் மாட்டினால் வலை கிழியும், சந்தையில் வாங்குவாரும் இல்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. பெரிய தொட்டி வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லலாமா?
– சென்னை, அண்ணா நகர் வாசகி

பதில்: சொல்லாதீர்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுப் பாசத்தைத் தாங்காது. அவர் ‘ஐயோ பாவம்’ என்று ஒரு கைப்பிடி போட்டால் நீங்கள் வரும்போது தொட்டி நாறும். ஃபில்டர் ஓடட்டும், விளக்கை அணைத்துவிடுங்கள். சாவி கொடுத்துத்தான் போகிறீர்கள் என்றால், மின்சாரம் போய்வந்தபின் ஃபில்டர் திரும்ப ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபைட்டர் மீனுக்குப் பதினைந்து லிட்டராவது வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் ஒரு ஃபைட்டரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சும்மா பயமுறுத்துகிறீர்களா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: பாட்டிலில் வைத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சண்டைக்கு வரவில்லை. தலைக்குள் தனி மூச்சு உறுப்பு ஒன்று அதற்கு உண்டு, மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும். பிராணவாயு இல்லாத தண்ணீரிலும் அதனால் கிடக்கும். ஆனால் அம்மோனியா அதற்கும் அம்மோனியாதான். நீங்கள் தினமும் தண்ணீர் மாற்றியிருப்பீர்கள், பையனாக இருந்தபோது அதற்கு நேரமும் இருந்திருக்கும். தாய்லாந்துக்காரர்கள் 2019-ல் ஃபைட்டரைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தார்கள். பதினைந்து லிட்டரில், நாலு செடி நடுவில் அதை ஒருதரம் விட்டுப் பாருங்கள். நான் அப்படி விட்ட அன்று, ஒரு இலைமேல் போய்ச் சாய்ந்து படுத்தது. பாட்டிலில் இருந்தவரை அதற்குப் படுக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

கேள்வி: தாத்தா, எங்க மீன் கண்ணை மூடவே இல்லை. அது எப்போ தூங்கும்?
– நான்காம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: கண்ணு, அதுக்கு மூடுவதற்கு இமை இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். ராத்திரி தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, அப்பாவோடு மெதுவாகப் போய்ப் பார். சிலது அடியில் அசையாமல் நிற்கும், சிலது செடிக்குள் ஒதுங்கியிருக்கும். நியான் டெட்ராவாக இருந்தால் நிறம்கூட வெளிறியிருக்கும், காலையில் திரும்பி வந்துவிடும். தினமும் எட்டு ஒன்பது மணி நேரமாவது அதற்கு இருட்டு வேண்டும்.

பெரிய விளக்கைப் பட்டென்று போடாதே. தாத்தா ஒருதரம் அப்படிப் போட்டேன். ஒரு மீன் திடுக்கிட்டு வெளியே குதித்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தாத்தாவும் பாட்டியும் ராத்திரி பதினோரு மணிக்குத் துடைப்பத்தை வைத்துக்கொண்டு தேடினோம். கிடைத்தது. இன்னும் இருக்கிறது.